கூரையில்லாத கச்சேரி

தேத்தண்ணி ஆறமுதல் சொல்லி முடிக்கிற கதையில்லை இது. இன்னொரு கோப்பை ஊற்ற மனமிருந்தால் இருங்கள், ஆறுதலாகக் கதைப்போம்.

யாழ்ப்பாண நகரத்திலிருந்து கண்டி வீதி வழியே கிழக்கே வந்தால் சுண்டுக்குளி. அங்கே பழைய பூங்காவை அண்டி இரண்டு கச்சேரிகள் உண்டு. ஒன்று இயங்குகிற கச்சேரி. பலகையில் மாவட்டச் செயலகம் என்று எழுதியிருக்கும். ஆனால் சனம் கச்சேரி என்றுதான் சொல்லும். மற்றது பழைய கச்சேரி. அதற்குக் கூரை இல்லை. தடித்த சுவர்கள் நிற்கின்றன; உள்ளே மரங்கள் வளர்ந்திருக்கின்றன. வெளியூரிலிருந்து வருகிற பிள்ளைகள் அதன் முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். அவர்கள் வழக்கமாகக் கேட்பது, “இது ஆர் கட்டினது, ஏன் இப்பிடிக் கிடக்குது?” என்பது. கேள்வி சின்னது. பதில் வெள்ளைக்காரனின் வரிக் கணக்கில் தொடங்கி, நம்முடைய சத்தியாக்கிரகம் வழியாகப் போர் வரைக்கும் போகும்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஆட்சி எப்போதும் ஒரே இடத்தில் இருந்ததில்லை. தமிழரசரின் இருக்கை நல்லூர். 1619இல் போர்த்துக்கேயர் இராச்சியத்தைப் பிடித்த பிறகு, அதிகாரம் நல்லூரைவிட்டுக் கடற்கரைப் பட்டினத்துக்கு இறங்கியது. கடல்வழி வந்தவனுக்குக் கடலோரம்தான் பாதுகாப்பு. 1658இல் ஒல்லாந்தர் அதைப் பறித்து, கோட்டையை ஐங்கோண வடிவில் திருத்திக் கட்டி, உள்ளேயிருந்தே ஆண்டார்கள். தோம்பு எனப்படும் காணிப் பதிவேடு போர்த்துக்கேயர் தொடங்கியது. ஒல்லாந்தர் அதைப் பெருப்பித்தார்கள். நமது வழக்கங்களைத் தேசவழமை என்று எழுத்தில் தொகுத்ததும் அவர்கள் காலத்தில்தான். அதைத் தொகுத்த கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி 1707இல் வேலையை முடித்தார்; பன்னிரண்டு முதலியார்கள் அதைப் பார்த்துச் சரியென்றார்கள். ஆக, ஒல்லாந்தர் காலத்தில் காணி, வரி, வழக்கு எல்லாம் கோட்டை மதிலுக்குள்.

1795 செப்டெம்பரில் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்தபோது அவர்கள் வந்தது சென்னைப் பட்டினத்துக் கிழக்கிந்தியக் கும்பினி அரசின் பேரில். இலங்கையின் கரையோரத்தைச் சென்னையின் ஒரு மூலைபோல நடத்தப் பார்த்தார்கள். சென்னையிலிருந்து வரி வாங்குகிற ஆட்களைக் கொண்டுவந்தார்கள், தென்னை மரத்துக்கும் வரி போட்டார்கள், சனம் கிளர்ந்தெழுந்தது. 1798இல் பிரெடெரிக் நோர்த் ஆள்பதியாக வந்தார். 1802இல் கரையோரம் முழுக்க முழுக்க முடிக்குரிய குடியேற்றமானது. கும்பினி போய்விட்டது. ஆனால் கும்பினி கொண்டுவந்த கலெக்டரும் கச்சேரியும் போகவில்லை. காலி, யாழ்ப்பாணம், பின்னாளில் கண்டி எங்கும் அந்த அமைப்பே வேரூன்றியது.

1833இல் கோல்புறூக் - கமரன் சீர்திருத்தம் வந்தது. நாடு ஐந்து மாகாணமாயிற்று. கலெக்டர் ‘கவர்ன்மெண்ட் ஏஜென்ட்’ ஆனார். அன்றைய வடமாகாணம் இன்றையதைவிடப் பெரியது. பருத்தித்துறையிலிருந்து மன்னார், வன்னி கடந்து அநுராதபுரம் வரைக்கும் அதற்குள் அடக்கம். 1873இல் வடமத்திய மாகாணம் பிரிக்கப்படும்வரை அநுராதபுரத்துக் குளமும் யாழ்ப்பாணத்து ஏஜென்டின் பொறுப்புத்தான். அந்தப் பரப்புக்கெல்லாம் தலைமை, இந்தச் சுண்டுக்குளிப் பக்கம்.

ஏன் கோட்டைக்குள் இல்லாமல் இங்கே? இதற்குப் பதில் ஓர் ஆள். பேர்சிவல் ஆக்லண்ட் டைக். 1829இல் கலெக்டராக வந்தவர்; 1867இல் இறக்கும்வரை, சிறு இடைவெளிகள் தவிர, வடக்கை ஆண்டவர். ஏறத்தாழ நாற்பது வருஷம். கொழும்பில் ஆள்பதிகள் வந்து வந்து போனார்கள், டைக் இருந்தார். ‘வடக்கின் ராசா’ என்று ஆங்கிலேயரே அவரைச் சொன்னார்கள். பாராட்டும் அதற்குள் இருந்தது, எரிச்சலும் இருந்தது என்பது என் எண்ணம். இன்று நாம் பழைய பூங்கா என்கிற தோட்டம் அவர் உண்டாக்கியது. அங்கேயே வாழ்ந்தார், அதைத் தனக்குப் பின் வரும் ஏஜென்டுகளுக்கென்று விட்டுப் போனார். அதிகாரி எங்கே வாழ்கிறாரோ அங்கே அலுவலகமும் வந்து ஒட்டிக்கொள்ளும். கோட்டை சிப்பாய்க்கும் சிறைக்கும். பூங்கா நிர்வாகத்துக்கு என்றாயிற்று.

டைக்கைப் பற்றி ஒரு சின்னச் செய்தி, எனக்குப் பிடித்தது. 1840களில் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், 1859இல் வெளியிட்ட தன் பெரிய நூலில், டைக் யாழ்ப்பாணத்தில் முந்திரிகைக் கொடி வளர்த்த விதத்தை எழுதியிருக்கிறார். இங்கே பனிக்காலம் கிடையாது; கொடிக்கு ஓய்வு கிடையாது; அதனால் சரியாகக் காய்ப்பதில்லை. டைக் வேரின்மேலிருந்த மண்ணை விலக்கி, வேரை வெயிலில் காயவிட்டு, கொடிக்குச் செயற்கையாக ஒரு பனிக்காலத்தை உண்டாக்கினாராம். கொடி காய்த்தது. ஓர் ஊரை நாற்பது வருஷம் ஆள்கிறவனுக்கு இந்தப் பொறுமை இருந்திருக்கத்தான் வேண்டும். அதே கை 1850இல் நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரியையும் தொடக்கிவைத்தது. இன்றைய போதனா வைத்தியசாலையின் தொடக்கம் அதுதான். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. தன் விருப்பத்துக்கு மாறாக எதுவும் நடக்கவிடாத மனுஷன் அவர். நல்ல ஏஜென்ட் என்றால் என்ன, தன்னிச்சையான ஏஜென்ட் என்றால் என்ன என்ற இரண்டுக்கும் அவரையே உதாரணம் காட்டலாம்.

இப்போது கச்சேரிக்குள் என்ன நடந்தது என்று பார்ப்போம். அதை விளங்காவிட்டால் அந்தச் சுவருக்கு மதிப்பே இல்லை.

ஒரு கமக்காரனை எடுங்கள். அவனுடைய வயலுக்கு நெல்வரி கூடப் போட்டுவிட்டார்கள் என்று வையுங்கள். அவன் கச்சேரி வாசலில் ஒரு பெட்டிசன் எழுதுகிறவரைப் பிடிப்பான். அவர் காசு வாங்கிக்கொண்டு, ‘மகா கனம் பொருந்திய துரையவர்கள் சமுகத்துக்கு’ என்று தொடங்குவார். பெட்டிசன் உள்ளே போகும். கிளாக்கர் அதைப் பதிந்து இலக்கம் போடுவார். ஏஜென்ட் ஓரத்தில் ஒரு வரி எழுதுவார்: மணியகாரனிடம் விசாரி. பெட்டிசன் பிரிவுத் தலைவனான மணியகாரனிடம் போகும். அவர் உடையாருக்கு அனுப்புவார். உடையார் ஊர் விதானையைக் கேட்பார். அந்த விதானைதான் பெரும்பாலும் முதலில் வரியைக் கூட்டிப் போட்டவன். அவன் “எல்லாம் சரியாகத்தான் இருக்குது” என்று எழுதிக் கொடுக்க, அது வந்த வழியே ஏறி ஏஜென்டின் மேசைக்குப் போகும். ஏஜென்ட் கையெழுத்து வைப்பார். கமக்காரன் வீட்டுக்குப் போவான்.

நெல்வரி 1892இல் ஒழிந்தது. ஏறி இறங்குகிற வழி ஒழியவில்லை. மணியகாரன், உடையார், விதானை என்ற ஏணி 1940களின் நடுப்பகுதியில் கலையத் தொடங்கியது. டி.ஆர்.ஓ. எனப்பட்ட காரியாதிகாரி வந்தார். 1963இல் விதானையின் இடத்துக்குக் கிராம சேவகர் வந்தார். பிறகு உதவி அரசாங்க அதிபர். 1992இன் சட்டத்துக்குப் பிறகு பிரதேச செயலாளர். பெயரைச் சொல்லிச் சொல்லி நமக்கு நாக்கு வறண்டுபோயிற்று. இன்று யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவு, 435 கிராம அலுவலர் பிரிவு. உங்கள் காணிப் பிரச்சினையை மாவட்டச் செயலகத்தில் கொடுத்துப் பாருங்கள். அது எந்த வழியாக இறங்கி எந்த வழியாக ஏறுகிறது என்று டைக்குக்கு நீங்கள் விளக்கத் தேவையில்லை.

நெல்வரி மட்டுமா? கள்ளுத் தவறணைக் குத்தகை ஏலம், உப்பு, முடிக்குரிய காணி, வீதி, சிறை, ஆஸ்பத்திரி, குடிசனக் கணக்கு எல்லாம் இந்த ஒரு வளவுக்குள். 1848இல் வந்த வீதிச் சட்டம், 18 வயது முதல் 55 வயது வரையான ஆண் ஒவ்வொருவனும் வருஷத்தில் ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும் அல்லது அதற்கு ஈடாகக் காசு கட்ட வேண்டும் என்றது. இதற்கெல்லாம் கணக்கெழுத ஆள் வேண்டும். அந்த ஆட்களைத் தயாரித்துக் கொடுத்தவை மிஷன் பள்ளிக்கூடங்கள். அமெரிக்க மிஷனரிகள் 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரி அதில் தலையாயது. கச்சேரியில் ஒரு கிளாக்கர் வேலை கிடைத்தால் வீட்டின் தலையெழுத்தே மாறும். ‘கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்’ என்ற நம்மூர்ப் பழமொழி வானத்திலிருந்து விழவில்லை. இப்படியான வாசல்களில்தான் முளைத்தது. காசு மேசையில் இருந்த சிறாப்பருக்கும், வெள்ளுடுப்பில் நின்ற கச்சேரி முதலியாருக்கும் கலியாணச் சந்தையில் என்ன மதிப்பு இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சீதனக் கணக்கில் அதுவும் ஒரு வரி.

டைக்குக்குப் பிறகு, சொற்பக் காலம் போக, 1869இல் வந்தவர் வில்லியம் துவைனம். அவரும் 1896வரை இருந்தார். டைக்கையும் இவரையும் சேர்த்தால் அறுபது வருஷத்துக்கு மேல். ஒரு மாகாணத்துக்கு இரண்டே ஆட்சியாளர் என்று சொன்னாலும் தப்பில்லை. துவைனம் ஓய்வு பெற்றும் ஊருக்குப் போகவில்லை. யாழ்ப்பாணத்திலேயே இருந்து 1922இல் இறந்தார். இவருக்கு நேரே நின்றவர் ஆறுமுக நாவலர்.

நாவலரைச் சைவப் பிரசங்கியாகவும் உரைநடை வல்லவராகவும் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார்கள். அது சரி. ஆனால் 1870களின் கடைசியில் யாழ்ப்பாணத்தில் பஞ்சமும் பேதியும் வந்தபோது, அவர் கஞ்சித் தருமம் நடத்தினார். அதோடு ஏஜென்ட் துவைனத்தின் நடத்தையைக் கண்டித்து, பெயர் சொல்லி எழுதினார். துரை என்றால் கண்ணை நிலத்தில் வைத்துக்கொண்டு பேசுகிற காலம் அது. பெட்டிசனாக உள்ளே போகாமல், எல்லாரும் வாசிக்கிற எழுத்தாகக் கச்சேரியைத் தட்டிக்கேட்டதில் அவர் முன்னோடி என்பது என் முடிவு. 1879இல், இறப்பதற்குச் சில மாதம் முன்னர், சட்டசபைக்குப் பொன்னம்பலம் இராமநாதனை அனுப்ப வேண்டும் என்று அவர் நின்றதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அவருடைய சமூகப் பார்வையில் நான் ஒத்துக்கொள்ளாத பகுதிகள் நிறைய. இந்தத் துணிவு அவற்றில் ஒன்றல்ல.

அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் இளைஞன் வந்தான். லெனாட் வூல்ஃப். 1905 ஜனவரியில், கேம்பிரிட்ஜ் முடித்த கையோடு, சாள்ஸ் என்ற நாயையும் வொல்டேயரின் நூல்கள் தொண்ணூறு தொகுதியையும் கொண்டுவந்து சேர்ந்தான். அப்போது ரயில் பாதை நடுவில் இன்னும் பொருந்தவில்லை. அநுராதபுரத்திலிருந்து ஆனையிறவுப் பக்கம் வரைக்கும் மாட்டு வண்டித் தபால். கொழும்பு - யாழ்ப்பாணப் பாதை முழுதாகத் திறந்தது அந்த வருஷம் ஓகஸ்டில்தான். கோட்டை மதிலின்மேல் இருந்த பங்களாவில் தங்கி, கச்சேரியில் வேலை பழகினான். 1907வரை இங்கே. பின்னாளில் வேர்ஜீனியா வூல்ஃபின் கணவர் என்றும், 1913இல் அம்பாந்தோட்டைக் காட்டுக் கிராமத்தைப் பற்றி நாவல் எழுதியவர் என்றும் உலகம் அவரை அறிந்தது.

அவர் 1961இல் வெளியிட்ட தன்வரலாற்றுத் தொகுதியில் யாழ்ப்பாணத்துக்குப் பெரிய இடம் உண்டு. அதில் ஒரு சம்பவம்: நகரத்து வழக்கறிஞர் ஹரி சந்திரசேகராவின் முகத்துக்கு நேரே குதிரைச் சவுக்கை வீசினார் என்று அவர்மேல் முறைப்பாடு போயிற்று. தான் அப்படிச் செய்யவேயில்லை, குதிரைமேலிருந்து கைகாட்டியதைத்தான் அப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பது வூல்ஃபின் விளக்கம். சவுக்கு பட்டதா படவில்லையா என்று விசாரிப்பதில் எனக்கு ஆர்வம் இல்லை. குதிரைமேல் இருக்கிறவன் கையை நீட்டினால் கீழே நிற்கிறவனுக்கு அது சவுக்காகத்தான் தெரியும் என்பதை அந்த இளைஞன் அன்றைக்கே யோசிக்கத் தொடங்கினான். ஏகாதிபத்தியத்தின்மேல் அவருக்கு வந்த வெறுப்புக்கு இப்படியான சம்பவங்கள் விதை.

இனிக் கோப்பையை வைத்துவிட்டுக் கேட்க வேண்டிய பகுதி.

1948இல் சுதந்திரம் வந்தது. கச்சேரியில் வெள்ளைக்காரன் இருந்த கதிரையில் நம்முடைய ஆட்கள் வந்து இருந்தார்கள். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம். அதை முழுதாக நடைமுறைப்படுத்த வைத்த நாள் 1961 ஜனவரி 1. அதாவது சுண்டுக்குளிக் கச்சேரிக்கு வருகிற கடிதமும் போகிற கடிதமும் சிங்களத்தில் என்றாகும். கமக்காரனின் பெட்டிசனை நினைத்துக்கொள்ளுங்கள். துரைக்கு ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்க ஆள் இருந்தான். இப்போது தன் ஊரில், தன் மொழி பேசும் அதிகாரியிடம், மூன்றாவது ஒரு மொழியில் போக வேண்டும்.

1961 பெப்ரவரி 20 காலையில் தந்தை செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சிக்காரரும் தொண்டர்களும் இந்தக் கச்சேரி வாசலில் போய் இருந்தார்கள். உத்தியோகத்தரை உள்ளே விடுவதில்லை, யாரையும் அடிப்பதில்லை, அடித்தால் வாங்குவது, திட்டம் அவ்வளவுதான். பொலிஸ் குண்டாந்தடியோடு வந்தது. தூக்கி இழுத்துப் போட்டது. போட்ட இடத்தில் வேறு ஆட்கள் வந்து இருந்தார்கள். பெண்களும் வந்தார்கள். மட்டக்களப்பு, திருகோணமலை, மன்னார், வவுனியாக் கச்சேரிகளும் அடுத்தடுத்து முடங்கின. ஏறத்தாழ இரண்டு மாதம் வடக்கு கிழக்கில் அரசு நிர்வாகம் படுத்துவிட்டது. ஏப்ரல் 14இல் தமிழரசுத் தபால் சேவை தொடங்கி, தலைவர்களே முத்திரை விற்றார்கள். ஏப்ரல் 17இல் அவசரகாலச் சட்டம். அடுத்த நாள் விடியமுன் தலைவர்களைப் பிடித்துப் பனாகொடை இராணுவ முகாமுக்குக் கொண்டுபோனார்கள்.

ஏன் கச்சேரி வாசல்? கட்சிக்குக் கூட்டம் போட முற்றவெளி இருந்தது. ஆனால் முற்றவெளியில் இருந்தால் எதுவும் நிற்காது. சம்பளம், பென்சன், காணி, அனுமதிப் பத்திரம் எல்லாம் ஒரே வாசலால் ஓடும்படி டைக் காலத்தில் அமைத்து வைத்திருந்தார்கள். அந்த வாசலை அடைத்தால் போதும். எல்லாவற்றையும் ஒரு வளவுக்குள் குவிப்பது ஆள்கிறவனுக்கு வசதி. எதிர்க்கிறவனுக்கும் அதே வசதி. இன்றைக்கும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினரும், காணி பறிபோனவரும், வேலையற்ற பட்டதாரிகளும் பதாகையோடு போய் நிற்கும் இடங்களில் மாவட்டச் செயலக வாசலும் ஒன்று.

போர் வந்தது. கட்டடம் சிதைந்தது. வேடிக்கை என்னவென்றால் அலுவலகம் சிதையவில்லை. 1990இலிருந்து 1995வரை குடாநாடு புலிகளின் கையில் இருந்தபோதும் கொழும்பு அனுப்பிய சம்பளமும் நிவாரணமும் அரசாங்க அதிபர் வழியாகவே வந்தன. போர் நெருங்க, 1995 ஒக்டோபர் 30 இரவு ஊர் முழுக்கத் தென்மராட்சிப் பக்கம் நடந்தது, கோப்புகளும் முத்திரைகளும் அலைந்தன, பிறகு திரும்பின. மேசையும் இறப்பர் முத்திரையும் ஒரு கையெழுத்தும் இருந்தால் கச்சேரி எங்கேயும் நடக்கும் என்பதை அந்தக் காலம் காட்டியது. இப்போது புதிய கட்டடத்தில் நடக்கிறது. பழைய பூங்காவில் வடமாகாண ஆளுநரின் செயலகம் இருக்கிறது. டைக்கின் தோட்டம் அதிகாரத்தை இன்னும் கைவிடவில்லை.

பழைய கட்டடங்களை அரசு அலுவலகமாகவே வைத்திருப்பது முடியாத காரியம் அல்ல. கொழும்பில் 1930இல் திறந்த பழைய பாராளுமன்றம் இன்று ஜனாதிபதி செயலகம். சென்னையில் ஆர்க்காட்டு நவாபின் சேப்பாக்கம் மாளிகையில் அரசு அலுவலகங்கள் இருந்தன; 2012 ஜனவரியில் ஒரு பகுதி எரிந்தது; கூரை போய்ச் சுவர் மட்டும் நின்றது. இடித்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. இடிக்கவில்லை, சுண்ணாம்புச் சாந்தும் பழைய முறையும் கொண்டு திருப்பிக் கட்டினார்கள். நமக்கும் யாழ்ப்பாணக் கோட்டை மதிலைப் போருக்குப் பின் திருத்திய அனுபவம் உண்டு.

கூரை போன கட்டடம் எப்படிச் சாகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்துப் பழைய சுவர் சுண்ணக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். கூரையும் பனந்தீராந்தியும் இருக்கும்வரை அது நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும். கூரை போனதும் மழை சுவரின் தலையால் உள்ளே இறங்கும். சாந்து கரையும். காகம் போட்ட ஆலம் விதை அந்த ஈரத்தில் முளைக்கும். வேர் கல்லிடுக்கில் நுழைந்து பெருக்கும். பிறகு மரத்தை வெட்டினால் சுவரும் சேர்ந்து விழும். இதைப் பார்த்துப் பயந்து சீமெந்து பூசினால் இன்னும் கேடு. ஈரமும் உப்பும் வெளியே வர வழியில்லாமல் கல்லை உள்ளிருந்து தின்னும். ஆகவே கோடிக் கணக்கில் காசு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சுவரின் தலைக்குச் சுண்ணாம்பில் ஒரு மூடி, இளங்கன்றாக இருக்கும்போதே மரங்களைக் களைவது, வருஷத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கிற ஓர் ஆள். இவை போதும், இருபது முப்பது வருஷம் தாங்கும்.

அதற்குப் பிறகு என்ன செய்வது? ஹோட்டல் ஆக்கலாம், கலைப்பொருள் கடை ஆக்கலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு விருப்பமில்லை. கலெக்டர்கள் நாட்குறிப்பு எழுத வேண்டும் என்று 1808இல் ஆள்பதி மெயிற்லண்ட் கட்டளையிட்டார். டைக்கும் துவைனமும் எழுதியவை கொழும்பில் தேசிய சுவடிக் கூடத்தில் இருக்கின்றன. அவற்றின் படிகளும், இந்த மாவட்டத்துக் காணி, பள்ளிக்கூட, வீதிக் கோப்புகளின் படிகளும் வைக்கிற சுவடிக் கூடமாகப் பழைய கச்சேரிக்குக் கூரை போட வேண்டும். சத்தியாக்கிரகத்தின் படங்களுக்கும் அங்கே ஒரு சுவர் வேண்டும். ஆள்கிறவர் எழுதியதும் ஆளப்பட்டவர் செய்ததும் ஒரே வளவில் இருக்கட்டும்.

உங்களிடம் ஒரு கேள்வி உண்டு. பாட்டனார், பூட்டனார் காலத்துப் பெட்டகத்தில் கச்சேரி முத்திரை குத்திய கடதாசி ஏதும் கிடக்கிறதா? பழைய அனுமதிப் பத்திரம், வரிச் சிட்டை, பெட்டிசன் நகல், 1961இல் வாங்கிய தபால் முத்திரை? கறையான் அரித்தது என்று எரித்துவிடாதீர்கள். படம் எடுத்து ஒரு படியை நூலகத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ கொடுங்கள். மூலத்தை நீங்களே வைத்திருங்கள்.